சுடலையா, கருப்பராயனா

அருள்புரம்,
12-9-2004.

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் முத்துப்பேச்சி எழுதுவது. இங்கே நானும் மகள் நதியாவும் சுகமாக இருக்கிறோம். நீங்கள் அந்த அரபு நாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, மேலுக்கு ஒன்றும் வராமல் இருக்க முருகன் துணை செய்ய வேண்டும். எப்போதும் நான் சொல்லச் சொல்ல நதியாதான் எழுதுவாள். இந்தத் தடவை நானே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்ற எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம் என்றால், எஸ்டிடி பூத்தில் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாம் நம் சொந்தக்காரர்கள் மாதிரி காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள். இது அப்படிப் பேசுகிற விஷயம் இல்லை.

லைன் வீட்டு வாசலில் போட்ட இட்லிக் கடை நன்றாகவே போகிறது. தண்ணீர்தான் பெரிய பாடு. வரும் என்று சொன்ன நாளில் வராது, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு வரும். மதியத்துக்குக் கூடையில் தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் கொண்டுபோய், நதியா வேலை பார்க்கிற கம்பெனி வாசலில் உட்கார்ந்துவிடுகிறேன். குழந்தைகள் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. தைத்து வந்ததில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் வேலை அவளுக்கு. பஞ்சு பறப்பதால் அங்கே எல்லோரும் பனியன் வேஸ்ட் துணியால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். சுடிதாருக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றையும் மாட்டிக்கொள்வார்கள். நம் மகள் மாட்டிக்கொள்வது நீங்கள் விட்டுப்போன நீலக் கட்டம் போட்ட சட்டையை.

இனி ஊர்ச் செய்தி. கொஞ்ச நாளாக அருள்புரத்தில் ஒரு ஆள் நடமாடுகிறது. முகம் யாருக்கும் தெரியாது. முதலில் வந்தது சந்தையன்று. பீகாரில் இருந்து வேலைக்கு வந்த ஒரு பெண், நடக்கப் பழகிய பிள்ளையைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டு அழுகிறாள். அவள் சொல்வது யாருக்கும் புரியவில்லை. எல்லோரும் கீழே தேடிக்கொண்டிருக்கும்போது, முகத்தில் துணி கட்டிய ஒரு ஆள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அரைகுறை இந்தியில் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டிருக்கிறது. ஆட்டுக்குட்டி என்று சொல்லியிருக்கிறாள். உடனே அந்த ஆள் தண்ணீர்த் தொட்டித் தூணில் விறுவிறுவென்று ஏறி, நாலாபக்கமும் பார்த்துவிட்டு, கிளம்பப்போன ஆட்டு வேனைக் கை காட்டி நிறுத்தச் சொல்லியிருக்கிறது. பிள்ளை ஆடுகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. வேன்காரன் பயந்துபோனான், பாவம், அவனுக்கே தெரியாது. எல்லோரும் பிள்ளையைச் சூழ்ந்து நின்ற நேரத்தில் ஆள் போய்விட்டது.

அடுத்தது சைக்கிள் விவகாரம். கம்பெனிகளுக்கு வெளியே நிறுத்துகிற சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. வாட்ச்மேன்கள் வாசலைப் பார்த்தார்களே தவிர, வேஸ்ட் துணி மூட்டை ஏற்றுகிற டெம்போவை யாரும் பார்க்கவில்லை. அந்த ஆள் பார்த்திருக்கிறது. ஒரு நாள் டீ டைமில் சுவரில் இருந்து ஓடுகிற டெம்போவின் மேல் குதித்து, கயிற்றை அறுத்து மூட்டைகளைத் தள்ள, அடியில் இருந்து சைக்கிள்கள் நடு ரோட்டில் விழுந்தனவாம். இதை என் கடையில் நூறு விதமாகச் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொல்லும்போது ஆள் ஆறடி, இன்னொருவர் சொல்லும்போது மீசை வேறு.

இப்போது கடையில் தினமும் சண்டை. நம் தெற்குப் பக்கத்து ஆட்கள், இது சுடலைதான், நம்மைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்கிறார்கள். நதியாவோடு செக்கிங்கில் இருக்கிற மருதாள் அக்கா இந்த ஊர்க்காரி. அவர் இட்லித் தட்டை வைத்துவிட்டு எழுந்து நின்று, அதெப்படிங்க, இது எங்க கருப்பராயன் காவல் காக்கற எடமுங்க, உங்க சாமி வந்தா எங்க சாமிகிட்டக் கேட்டுட்டுத்தான் வரோணும் என்று அடித்துப் பேசுகிறார். தொட்டித் திட்டில் யாரோ சுருட்டு வேறு வைக்கிறார்கள். சாமி என்றால் இருட்டிய பிறகுதானே வரவேண்டும்? இது டீ டைமிலும் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைப் பகலிலும் மட்டும் வருகிறது. மற்ற நேரம் அதற்கு ஷிப்டு இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அத்தான், அது சுடலையும் இல்லை, கருப்பராயனும் இல்லை. போன வாரம் நதியா கால் கழுவும்போது பார்த்தேன். இரண்டு பாதத்திலும், பனை ஏறும்போது காலில் மாட்டுகிற தளைநார் அழுத்திய தடம் சிவந்து கிடக்கிறது. உங்கள் காலில் அத்தனை வருஷம் எண்ணெய் தேய்த்தவளுக்கு அந்தத் தடம் தெரியாதா? என்னடி இது என்றேன். செருப்பு கடித்துவிட்டது என்றாள். செருப்பு எந்தக் காலத்தில் இரண்டு பாதத்தையும் சேர்த்துக் கடித்தது?

உடன்குடியில் உங்களுக்குச் சோறு கொண்டுவந்த பிள்ளையைப் பனையில் ஏற விட்டது யார்? பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று நான் கத்தினபோது, கையும் காலும் உறுதியாகட்டும் என்று சிரித்தது யார்? இப்போது பத்தொன்பது முடிந்த பிள்ளை கரண்டுக் கம்பம் தவிர எல்லாவற்றிலும் ஏறுகிறாள். எனக்குத் தெரியும் என்று நான் அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்குச் சந்தையில் வேலைத் துணியோடு ஏறினவள், கீழே இறங்கியதும் முகத்தை அவிழ்த்திருக்கலாம். பனையேறி தவசி மகள் தொட்டியில் ஏறினாள் என்று ஊர் பேசும் என்பதற்காகவே அவிழ்க்காமல் ஓடியிருப்பாள். அப்படித் தொடங்கியது இப்போது இப்படி வந்து நிற்கிறது.

எனக்கு யாரிடமும் சொல்ல வழி இல்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். யோசித்துப் பதில் எழுதுங்கள். பேரீச்சையில் ஏறும்போது கவனமாக இருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
முத்துப்பேச்சி


அருள்புரம்,
17-10-2004.

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துப்பேச்சி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் கிடைத்தது. இவ்வளவு கோபத்தை ஒரே தாளில் எப்படி அடக்கினீர்கள் என்று தெரியவில்லை. மகளை உடனே வேலையை விட்டு நிறுத்து, உடன்குடிக்குக் கூட்டிப் போய் அண்ணன் வீட்டில் விடு, மளிகைக் கடை வைத்திருக்கிற பையனுக்குப் பேசி வைத்திருக்கிறது, தை மாதம் நான் வந்து முடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பையன் நல்லவன்தான், எனக்கும் தெரியும். ஆனால் நாளைக்கே கூட்டிக்கொண்டு போக முடியாது. ஏன் என்று சொல்கிறேன். சொன்ன பிறகும் கோபம் இருந்தால் அடுத்த கடிதத்தில் திட்டுங்கள்.

நம் பக்கத்து அறையில் அனுசுயா என்று ஒரு பெண் இருக்கிறாள். விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளை, தாய் தகப்பன் கிடையாது. நதியாவுக்கு ஒரு வயது மூப்பு. அதே கம்பெனியில் சாம்பிள் அறையில் வேலை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளையின் தாய்மாமன் இங்கேதான் சாயப்பட்டறையில் இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பெண்ணைப் பார்ப்பதுபோல லைன் வீடு முழுவதையும் பார்த்துவிட்டுப் போவார்.

போன வாரம் அந்தச் சாம்பிள் அறையில் இருந்து ஒரு சட்டை காணாமல் போய்விட்டது. தலையில் போடும் தொப்பியோடு சேர்த்துத் தைத்த குழந்தைச் சட்டை, தொப்பியில் இரண்டு காது வைத்திருக்கும். ஒரு சட்டைதானே என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுக்காரர் பார்த்துச் சரி என்று சீல் வைத்துக் கொடுத்த சட்டை அது. அதை வைத்துத்தான் மொத்த ஆர்டரையும் ஒத்துப்பார்த்து அனுப்புவார்களாம். அது இல்லை என்றால் தைத்தது அத்தனையும் நின்றுபோகும். வேறு கம்பெனிக்கு யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று முதலாளி நினைக்கிறார். புதுப் பார்ட்டி, முதல் ஆர்டர் என்பதால் மனுஷனுக்கு நிலைகொள்ளவில்லை.

சூப்பர்வைசர் மோகன்ராஜ் ஒரு வழி சொன்னார். சாம்பிள் அறைப் பக்கம் போய்வருகிற எல்லோரும் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற கருப்பராயன் கோயிலில் கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும், பொய் சொன்னவன் கை நடுங்கும் என்று. இங்கே இது வழக்கம்தான். வரிசையாக எல்லோரும் போய் அணைத்தார்கள். முதலாளியின் சம்சாரம் சித்ரகலா அம்மாவே பக்கத்தில் நின்று கற்பூரம் எடுத்துக் கொடுத்தார்களாம். அனுசுயா முறை வந்தது. அவள் கோயில் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். வா என்றால் வரவில்லை. ஏன் என்றால் பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே நின்றிருக்கிறாள். அதோடு எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சோறு தின்னவில்லை. நான் கேட்டேன், நீ எடுத்தியா என்று. இல்லக்கா என்றாள். பிறகு ஏன் சத்தியம் பண்ணவில்லை என்றேன். அழுகிறாளே தவிர வாயைத் திறக்கவில்லை. நாளை திங்கட்கிழமை மதியத்துக்குள் சட்டை வரவில்லை என்றால் போலீசில் ஒப்படைப்பதாக முதலாளி சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் மாமன் அங்கே வந்து நேரில் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். போலீஸ் வண்டியில் ஏறிய பெண்ணை அதன் பிறகு யார் கட்டுவார்கள்? கல்யாணம் போனால் அவளுக்குப் போக ஒரு இடம் கிடையாது.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. கம்பெனி வாட்ச்மேன் நஞ்சப்பன் நேற்று என் கடையில் உட்கார்ந்து வேர்த்துப்போய்ச் சொன்னார். டீ டைமில் கேட்டுப் பக்கத்துச் சுவர் மேலிருந்து கருப்பராயன் கூப்பிட்டதாம். குரல் துணிக்குள் இருந்து வருகிற மாதிரி கட்டையாக இருந்ததாம். அந்தச் சட்டை காணாமப் போன அன்னைக்கு உள்ள யாரு வந்தாங்கன்னு கேட்டுச்சுங்க, யாரும் வரலீங்க சாமின்னேனுங்க. அப்பறம், யாரைக் கேக்காம கேட்டைத் தொறந்து உட்டீன்னு கேட்டுச்சுங்க என்றார். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடையே கேட்டது. மனுஷன் டீயை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, அதைச் சொல்லக்கூடாதுங்க என்று எழுந்து போய்விட்டார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நதியா காலையிலேயே வெள்ளகோவில் பஸ்ஸில் போயிருக்கிறாள். யாரோ சிநேகிதி வீட்டில் விசேஷம் என்றாள். விசேஷத்துக்குப் போகிறவள் உங்கள் கட்டம் போட்ட சட்டையையா பையில் மடித்து வைப்பாள்? நான் ஒன்றும் கேட்காமல் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தேன். அவள் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும் என்று வேகமாக எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிச் சரிந்து ஓடுகிறது.

அத்தான், இன்றைக்கு அவளைப் பிடித்து நிறுத்தி உடன்குடி பஸ்ஸில் ஏற்றியிருந்தால் அனுசுயாவை யார் பார்ப்பார்கள்? எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கு மதியம் வரைக்கும் என்னைத் திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
முத்துப்பேச்சி


அருள்புரம்,
7-11-2004.

அன்புள்ள அத்தானுக்கு,

முத்துப்பேச்சி அநேக அன்போடு எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் இரண்டாவது கடிதமும் வந்தது. டிக்கெட் எடுத்தாயிற்று, பொங்கலுக்கு மறுநாள் வந்து மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போகிறேன், நீ ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் திங்கட்கிழமை நடந்ததைக் கேளுங்கள். யாரோ சொல்லி அல்ல, நானே பார்த்தது.

சாப்பாட்டு நேரத்துக்குக் கூடையோடு கம்பெனி வாசலுக்குப் போனேன். அன்றைக்கு யாரும் சாப்பாடு வாங்கவில்லை. எல்லோரையும் கேண்டீன் முன்னால் கூட்டி நிறுத்தியிருந்தார்கள். முதலாளி, மோகன்ராஜ், மாப்பிள்ளையின் தாய்மாமன் மூன்று பேரும் முன்னால். அனுசுயா தனியாக. போலீஸ் ஜீப் கேட்டுக்குள் வந்து நின்றது. நஞ்சப்பன் கேட்டை மூட மறந்துவிட்டார், நானும் கூடையோடு உள்ளே போய் நின்றுகொண்டேன்.

அப்போது கேண்டீன் தகரக் கூரையில் சத்தம் கேட்டது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். பட்டப்பகலில், உச்சி வெயிலில், முகத்தில் வெள்ளைத் துணியும் உங்கள் சட்டையுமாக அவள் நிற்கிறாள். மருதாள் அக்கா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எனக்குக் கூடை நழுவியது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவேனோ என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டைக் குரலில், ஐயா, உங்க குலதெய்வக் கோயிலுக்கு ஆள் அனுப்பிப் பாருங்க, அங்க மண்குதிரைக்குப் பக்கத்துல நிக்கிற பிள்ளை உருவத்துக்கு அந்தச் சட்டையைப் போட்டு விட்டிருக்காங்க என்றாள். கொண்டுபோய் வைத்தது யார் என்று முதலாளி கேட்டார். உங்க வீட்டம்மா, திருடல, மொத ஆர்டருன்னு சாமி காலடியில வச்சிருக்காங்க, பூசாரி எடுத்து உடுத்தி விட்டுட்டார் என்றாள்.

அதுதான் நடந்திருக்கிறது. நஞ்சப்பன் கேட்காமல் கேட்டைத் திறந்து விட்டது முதலாளியம்மாவின் காருக்கு. அந்தக் காரில் வருகிறவர்களை அவர் ஆளாகவே கணக்கில் சேர்க்கவில்லை. சத்தியம் பண்ணச் சொல்லி வேலைக்காரர்களை எல்லாம் வரிசையில் விட்டார்களே, கற்பூரத் தட்டு வைத்திருந்த அம்மாவை அணைத்துக் காட்டுங்கள் என்று யாருக்காவது கேட்கத் தோன்றியதா? நதியாவுக்கு மட்டும் தோன்றியிருக்கிறது. வெள்ளகோவிலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் குலதெய்வம் இருக்கிறது என்று கேட்டறிந்து, போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாமிக்கு வைத்ததைத் தொடாமல் வந்ததில் எனக்குத் திருப்தி.

முதலாளி அங்கேயே நின்று செல்போனில் வீட்டுக்குப் பேசினார். கேட்கக் கேட்க முகம் சிறுத்துப்போயிற்று. போனை வைத்துவிட்டு, பீஸ் கிடைச்சிருச்சு, எல்லாரும் வேலையப் பாருங்க என்றார். ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். அனுசுயாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நதியா அப்போதே போயிருக்கலாம், அத்தான். வேலை முடிந்துவிட்டது. பின்பக்கமாக இறங்கினால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் மாப்பிள்ளையின் மாமன் விடவில்லை. சட்ட கெடச்சது சரி, இந்தப் பொண்ணு ஏன் சத்தியம் பண்ணல, மடியில கனம் இல்லாதவ சாமி முன்னால போக எதுக்குப் பயப்படுதா, இதுக்குப் பதில் தெரியாம எங்க வீட்டுக்கு இவ வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னார். அனுசுயா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சட்டை கிடைத்தும் அவள் பழி அவளிடமே நின்றது.

கூரையில் இருந்து பதில் வந்தது. இந்தத் தடவை கட்டைக் குரல் இல்லை. நம் மகள் குரல், வீட்டில் என்னோடு சண்டை போடுகிற அதே குரல்.

அவ அன்னைக்கு வீட்டுக்குத் தூரம், கோயில் வாசல் ஏறக்கூடாதுன்னு நின்னா, இத்தனை ஆம்பிளைங்க நடுவுல அதை எப்படி வாயால சொல்லுவா, காலையில வேஸ்ட் துணி கேட்டு வாங்குனது என்கிட்டத்தான் என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் அதே வேஸ்ட் துணியைக் கேட்டு வாங்கியவர்கள்தான். நானும் லைன் வீட்டுப் பொம்பளைகளும் அந்தப் பிள்ளையிடம் எவ்வளவு கேட்டோம், எங்களுக்கே அது உறைக்கவில்லை. பிந்திச் சொன்னால் சாக்கு என்பார்கள் என்று அவளும் அடக்கிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு யாரும் இல்லை, அதனால் எடுத்திருப்பாளோ என்று நானும் ஒரு நிமிஷம் நினைத்தேன். மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கெப்படித் தெரியும் என்று முனகினார். பிறகு அனுசுயா பக்கத்தில் போய், எந்திரிம்மா என்றார். தை மாதம் கல்யாணம் நடக்கிறது.

ஆனால் மோகன்ராஜ் விவரமான ஆள். கூரையில் நிற்பது பொம்பளை, அதுவும் வேஸ்ட் துணி கிடக்கிற செக்கிங்கில் வேலை பார்க்கிற பொம்பளை என்று அவருக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிட்டது. பெண்கள் பக்கம் திரும்பி, அன்னைக்கு இந்தப் புள்ளைக்குத் துணி குடுத்தது யாரு என்று கேட்டார். யார் இங்கே இல்லை என்று கண்ணாலேயே தேடுகிறார். அப்போது மருதாள் அக்கா கும்பிட்ட கையை இறக்கிவிட்டு முன்னால் வந்தார். நாந்தானுங்க குடுத்தேன் என்றார். ஸ்டூலில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டிய உடம்பு. மோகன்ராஜ் அவரையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அப்ப மேல நிக்கறது யாருங்க என்றார். அது எங்க கருப்பராயனுங்க, நாஞ் சொல்ல வேண்டியதை எம் பேர்ல சொல்லுச்சுங்க, பொம்பளைங்க துணிமணி கணக்கு இன்னும் ஏதாச்சும் வேணுமுங்களா என்று அக்கா கேட்டார். ஜனம் சிரித்துவிட்டது. மறுபடி நிமிர்ந்து பார்த்தபோது கூரையில் யாரும் இல்லை.

சித்ரகலா அம்மா அன்று சாயங்காலமே நம் லைன் வீட்டுக்கு வந்தார்கள். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார்களாம், பொண்ணை நாலு திட்டுத் திட்டி விட்டுருவாங்கன்னு நெனச்சேன் கண்ணு, இந்த அளவுக்குப் போகும்னு தெரியாது என்று அனுசுயாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தப் பிள்ளை என்ன சொல்லும், பரவால்லீங்கம்மா என்றது. எனக்குத்தான் ஆறவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கூட நான் கேட்கவில்லை.

மருதாள் அக்கா மறுநாள் கடைக்கு வந்தபோது வழக்கமான சண்டை எதுவும் போடவில்லை. இட்லியைத் தின்றுவிட்டு, கைகழுவி, என் பக்கத்தில் வந்து, உம் மக நல்லாருக்கோணும் கண்ணு, எங்க சாமி இருந்தா இதைத்தான் பண்ணியிருக்கும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். தெற்கத்தி ஆட்கள் இன்னும் சுடலை என்றே பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொம்பளைக் குரல் கேட்டதே என்றால், அது இசக்கியம்மன் கூட வந்திருக்கும் என்கிறார்கள். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

அன்றைக்கு நதியா வேலை முடிந்து வந்து சாப்பிட்டாள். எனக்கு அதற்கு மேல் நடிக்க முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அவள் காலை இழுத்து மடியில் வைத்துத் தேய்த்தேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. அப்பாகிட்டச் சொல்லிட்டியாம்மா என்று கேட்டாள். சொல்லிட்டேன் என்றேன். என்ன சொன்னாங்க என்றாள். உங்கள் கடிதம் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. யோசிச்சுட்டு இருக்காங்க என்று சொல்லிவைத்தேன்.

அத்தான், உங்கள் கோபத்துக்குள் இருப்பது பயம் என்று எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம்தான். மோகன்ராஜ் இப்போது காலையில் கேட்டில் நின்று பெண்கள் நடந்து வருவதையே பார்க்கிறாராம். சைக்கிள் திருடிய டெம்போக்காரன் ஜாமீனில் வந்துவிட்டான். ஒரு நாள் பிடி நழுவினால், ஒரு நாள் எவனாவது துணியைப் பிடித்து இழுத்துவிட்டால் என்று நினைத்தால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது. கல்யாணம் செய்து கொடுத்துவிட்டால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று எனக்கும் ஆசை உண்டு. ஆனால் அன்றைக்குக் கூரையில் நின்று, போகாமல், அந்தப் பதிலைச் சொன்னாளே, அவளை மளிகைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார வைத்தால் அவள் எனக்காக உட்கார்ந்துவிடுவாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

போன ஞாயிற்றுக்கிழமை உடுமலைப்பேட்டையில் இருந்து ஒரு தகப்பன் வந்திருந்தார். மகள் மில் ஹாஸ்டலில் வேலைக்குச் சேர்ந்தாளாம், கொஞ்ச நாளாகக் கடிதமும் இல்லை, போனும் இல்லை, போய்க் கேட்டால் உள்ளே விட மாட்டேன் என்கிறார்களாம். அருள்புரத்தில் யாரோ இருக்கிறார்களாமே, தேடிக் கொடுப்பார்களாமே, எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். நான் இட்லி வைத்துக் கொடுத்தேன். நதியா சட்னி ஊற்றிக்கொண்டே அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டாள். நான் அவளைத் தடுக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை.

நீங்கள் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது. உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று எழுதி அறியேன், இந்த வயதில் எழுதவும் கூச்சமாக இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறீர்கள் என்று படித்ததும் முதலில் சந்தோஷத்தில்தான் அழுதேன், அடுத்த வரியைப் படித்த பிறகுதான் வேறு மாதிரி. அதனால் இதை எழுத எனக்குக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உங்கள் காலும் கையும் உறுதியாக இருக்க வேண்டும். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறீர்கள் என்றால் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவளைப் பார்க்க வருகிறீர்கள் என்றால் வாங்க, அத்தான்.

இப்படிக்கு,
உங்கள் முத்துப்பேச்சி